ராக்கெட் பூஸ்டர் திரும்பி வந்து இறங்குவது எப்படி, எதற்கு? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை அறிவியல் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கேட்டவை இதில் பாதி. அவர்களை மோட்டாரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை வெளியில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்கள் கேட்டவை மீதி. பிள்ளைகளுக்கு அது எப்படி விழாமல் நிற்கிறது என்று தெரிய வேண்டும். பெரியவர்களுக்கு இதில் காசு மிச்சமா என்று தெரிய வேண்டும். இரண்டையும் கலந்தே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டை வைத்துத்தான் பதில் சொல்கிறேன். இந்த வேலையை அன்றாடத் தொழிலாகவே செய்துகொண்டிருப்பது அதுதான்.

முழு ராக்கெட்டும் திரும்பி வருகிறதா?

இல்லை. ஃபால்கன் 9-இன் உயரம் 70 மீட்டர். அதில் கீழ்ப்பகுதி மட்டும்தான் வந்து இறங்கும். அதைத்தான் பூஸ்டர் அல்லது முதல் அடுக்கு என்கிறோம். 40 மீட்டருக்குக் கொஞ்சம் அதிக உயரம், 3.7 மீட்டர் அகலம், அடியில் 9 மெர்லின் எஞ்சின்கள். மேலே இருக்கும் இரண்டாவது அடுக்கு ஒரே எஞ்சினோடு துணைக்கோளத்தைச் சுற்றுப்பாதையில் விட்டுவிட்டு அழிந்துபோகும். துணைக்கோளத்தை மூடியிருக்கும் மூக்குக் கூடு இரண்டு பாதியாகப் பிரிந்து பாராசூட்டில் கடலில் இறங்கும். அதையும் கப்பலில் அள்ளிக்கொண்டு வந்து மறுபடி பயன்படுத்துகிறார்கள்.

கீழ்ப்பகுதியை மட்டும் காப்பாற்றினால் போதுமா என்றால், பெரும்பங்கு காசு அங்கேதான் இருக்கிறது. ராக்கெட் செலவில் 60 விழுக்காடு முதல் அடுக்கு என்று ஸ்பேஸ்எக்ஸின் தலைவர் எலான் மஸ்க் சொல்லியிருக்கிறார். பத்தில் ஒன்பது எஞ்சின் அதில் இருக்கும்போது இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

மேலே போனதிலிருந்து இறங்கும்வரை என்னதான் நடக்கிறது?

எல்லாம் சேர்த்து எட்டரை நிமிடம்தான். இரண்டரை நிமிடத்தில் பூஸ்டர் தன் வேலையை முடித்துக்கொண்டு கழன்றுவிடும். அப்போது அது தரையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். வேகம் மணிக்கு 6,000 முதல் 8,000 கிலோமீட்டர். எஞ்சினை அணைத்த பிறகும் அந்த வேகத்திலேயே இன்னும் மேலே ஏறி, 100 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டுத்தான் கீழே திரும்பும்.

காற்றே இல்லாத அந்த இடத்தில் சிறகை ஆட்டிப் பயனில்லை. அதனால் நைட்ரஜன் வாயுவைப் பீச்சி அடித்து, பின்பக்கம் முன்னால் வரும்படி தன்னைத் திருப்பிக்கொள்ளும். ஏவுதளத்துக்கே திரும்ப வேண்டுமென்றால் இங்கே மூன்று எஞ்சின்களை எரித்து வந்த வழியே ஓடிவரும். கடலில் இறங்குவதாக இருந்தால் இது தேவையில்லை.

அடுத்தது காற்றுமண்டலத்துக்குள் நுழைவது. இங்கேதான் ஆபத்து அதிகம். அதே வேகத்தில் உள்ளே வந்தால் வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிதறிவிடும். அதனால் மூன்று எஞ்சின்களைக் கொஞ்ச நேரம் எரித்து வேகத்தைக் குறைப்பார்கள். அதன்பிறகு காற்று பார்த்துக்கொள்ளும். உண்மையில் பூஸ்டரின் வேகத்தில் பெரும்பகுதியைத் தின்பது எரிபொருள் இல்லை, காற்றுதான். மேல்முனையில் நான்கு கம்பிவலைத் தட்டுகள் விரிந்திருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றைத் திருப்பித் திருப்பித்தான் பாதையைச் சரிசெய்கிறது. முதலில் அலுமினியத்தில் செய்தார்கள், அது சூட்டில் கருகியது. 2017-இலிருந்து டைட்டானியம்.

கடைசியாக, சில கிலோமீட்டர் உயரம் இருக்கும்போது நடு எஞ்சின் எரியத் தொடங்கும். தரைக்குச் சற்று மேலே நான்கு கால்களும் விரியும். அப்புறம் இறங்கிவிடும்.

ஹெலிகாப்டர் மாதிரி மேலேயே நின்று, பார்த்து மெதுவாக இறங்கலாமே?

முடியாது. என்னிடம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை கேட்டது.

ஒரு மெர்லின் எஞ்சின் முழு வேகத்தில் 86 டன் எடையைத் தூக்கக்கூடியது. எரிபொருள் தீர்ந்த பூஸ்டரின் எடை 25 டன்னை ஒட்டி இருக்கும். எஞ்சினை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தாலும் அதன் தள்ளுவிசை பூஸ்டரின் எடையைவிட அதிகம்தான். அதாவது, ஒரே ஒரு எஞ்சின் எரிந்தாலே அது அந்தரத்தில் நிற்காது, மறுபடி மேலே கிளம்பிவிடும். ஆகவே வேகம் சுழியாகும் நொடியும் கால் தரையைத் தொடும் நொடியும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னதாக நின்றால் மேலே ஏறும், தாமதித்தால் மோதும். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. இதைக் கணக்குப் போட்டு முடிவெடுப்பது பூஸ்டருக்குள் இருக்கும் கணினிதான். தரையில் யாரும் விசையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதில்லை.

பாராசூட் கட்டி இறக்கினால் சுலபம் இல்லையா?

அவர்களும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். இந்தக் கதையில் நம் நாடும் வருகிறது. மலேசியாவின் ராசாக்சாட் துணைக்கோளம் 2009 ஜூலையில் பசிபிக் கடலில் உள்ள ஒமெலெக் என்ற சின்னத் தீவிலிருந்து மேலே போனது. அதைத் தூக்கிக்கொண்டு போனது ஃபால்கன் 1, ஸ்பேஸ்எக்ஸின் முதல் ராக்கெட். அந்த வகை ராக்கெட்டின் கடைசிப் பயணமும் அதுதான். ஃபால்கன் 1-இன் கீழ் அடுக்கையும் பாராசூட்டில் இறக்கி மீட்பதாகத்தான் திட்டம். ஒன்றுகூட மீட்கப்படவில்லை. 2010-இல் ஃபால்கன் 9-இன் முதல் இரண்டு பயணங்களிலும் பாராசூட் வைத்துப் பார்த்தார்கள். அது விரிவதற்கு முன்பே காற்றுமண்டலத்தில் பூஸ்டர் உடைந்துபோனது. உடையாமல் வந்தாலும் கடல் உப்பு எஞ்சினைக் கெடுத்துவிடும்.

நியூசிலாந்தில் ஏவும் ராக்கெட் லேப் நிறுவனத்தின் எலக்ட்ரான் சிறியது, அதற்குப் பாராசூட் பொருந்தும். 2022 மே மாதம் பாராசூட்டில் தொங்கி வந்த பூஸ்டரை ஹெலிகாப்டரில் கொக்கி போட்டுப் பிடித்தே விட்டார்கள். சுமை சரியாக அமையவில்லை என்று விமானி உடனே விட்டுவிட்டார்.

தரை இருக்கும்போது ஏன் கடலில் போய் மிதவைமேல் இறங்க வேண்டும்?

எரிபொருள்தான் காரணம். தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லோரி திரும்பி வரவும் டீசல் வைத்திருக்க வேண்டும் அல்லவா? ராக்கெட்டில் அந்தத் திரும்பும் டீசலின் எடை, ஏற்றக்கூடிய குலையிலேயே கழிந்துவிடும். ஃபால்கன் 9 பூஸ்டரைக் கைகழுவிவிட்டால் தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 22.8 டன் வரை கொண்டுபோகும் என்பது நிறுவனமே போட்டிருக்கும் கணக்கு. மிதவையில் இறங்கும் பயணங்களில் 17 டன்னுக்குக் கொஞ்சம் மேல்தான் ஏற்றுகிறார்கள். ஏவிய இடத்துக்கே திரும்ப வேண்டுமென்றால் இன்னும் குறையும்.

கடலில் இறங்கும்போது பூஸ்டர் போகிற போக்கிலேயே போய் இறங்கும். அதனால்தான் கரையிலிருந்து 600 கிலோமீட்டர் தாண்டி ஆளில்லாத மிதவை காத்திருக்கும். நீளம் ஏறத்தாழ 90 மீட்டர். இறங்கிய பிறகு ஒரு ரோபோ அடியில் போய்ப் பூஸ்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அலை அடித்துச் சாயாமல் இருக்க.

எத்தனை தடவை தோற்றார்கள்?

நிறைய. 2015 ஜனவரியில் கம்பிவலைத் தட்டுகளை ஆட்டும் ஹைட்ராலிக் எண்ணெய் தீர்ந்துபோய் மிதவையில் மோதியது. ஏப்ரலில் எஞ்சின் வால்வு ஒன்று மெதுவாக வேலை செய்ததால் சாய்ந்து விழுந்தது. 2015 டிசம்பரில் ஃபுளோரிடாவின் கேப் கனாவெரல் தரையில் முதல் வெற்றி. அடுத்த மாதமே மிதவையில் அழகாக வந்து நின்ற இன்னொரு பூஸ்டர், ஒரு கால் சரியாகப் பூட்டாததால் மெதுவாகச் சாய்ந்து வெடித்தது. 2016 ஏப்ரலில் மிதவையிலும் வெற்றி. அப்படி வந்த அதே பூஸ்டர் 2017 மார்ச் மாதம் மறுபடி பறந்தது. என்னைக் கேட்டால் வரலாறு அந்த 2017-இல்தான். இறங்குவதை மட்டும் வைத்துக் கொண்டாடினால் அது சர்க்கஸ்.

2018 பிப்ரவரியில், மூன்று பூஸ்டர்களைச் சேர்த்துக் கட்டிய ஃபால்கன் ஹெவி ராக்கெட்டின் இரண்டு பக்கப் பூஸ்டர்கள் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இறங்கியதை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு நடுப் பூஸ்டர் கடலில் மோதியதை யாரும் பேசுவதில்லை. எஞ்சினைப் பற்றவைக்கும் திரவம் தீர்ந்துபோனதுதான் காரணம். இறங்கும் முன் சில நேரம் பச்சையாக ஒரு மின்னல் தெரியுமே, அது அந்தத் திரவம் எரிவதுதான்.

சரி, இதில் உண்மையிலேயே காசு மிச்சமா?

கேட்டவர் லோரி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். டயர், எஞ்சின் எண்ணெய், ஓட்டுநர் சம்பளம் எல்லாம் கணக்குப் பார்ப்பவரிடம் ‘ஆமாம்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது.

மஸ்க் 2020-இல் சொன்ன கணக்கு இது: மீட்பதால் இழக்கும் சுமை 40 விழுக்காட்டுக்குள். மீட்டுச் சரிசெய்யும் செலவு 10 விழுக்காட்டுக்குள். ஆகவே இரண்டு முறை பறந்தால் போட்ட காசு வரும், மூன்றாவது முறையிலிருந்து லாபம். போட்டி நிறுவனமான யுனைடெட் லாஞ்ச் அலையன்ஸின் அப்போதைய தலைவர் டோரி புருனோ இதை ஒப்புக்கொள்ளவில்லை. சராசரியாகப் பத்து முறை பறந்தால்தான் கட்டுபடியாகும் என்றார்.

மூன்றா, பத்தா? இரண்டுக்கும் நடுவில் இருப்பது தொழிற்சாலை. பூஸ்டர் திரும்பி வந்துவிட்டால் புதிதாகச் செய்ய வேண்டியது குறையும். ஆனால் தொழிற்சாலை, இயந்திரம், ஆட்களின் சம்பளம் குறையாது. ஆண்டுக்கு 20 செய்த இடத்தில் 4 செய்தால், அந்த 4-இன் தலையில்தான் மொத்தச் செலவும் விழும். ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டுகளைச் செய்யும் ஏரியன் குழுமத்தின் தலைவராக இருந்த அலான் ஷார்மோ 2018-இல் இதை ஒளிக்காமலே சொன்னார்: ஆண்டுக்குப் பத்து ஏவுதல்தான் உறுதி, ஒரு ராக்கெட் பத்து முறை பறக்கும் என்றால் நாங்கள் ஆண்டுக்கு ஒரே ஒரு ராக்கெட்தான் செய்வோம், அது நடக்காத காரியம் என்று. அப்போது அவரைக் கேலி செய்தவர்கள் அதிகம். கணக்கு என்ற அளவில் அவர் சொன்னதில் தவறில்லை.

ஆக, பூஸ்டர் திரும்பி வந்தால் மட்டும் போதாது. அதற்கு அடுத்த சவாரி காத்திருக்க வேண்டும். ஸ்பேஸ்எக்ஸ் அந்தச் சவாரியைத் தானே உண்டாக்கிக்கொண்டது. 2024-இல் ஃபால்கன் 9 பறந்தது 130 தடவைக்கு மேல். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடைய சொந்த ஸ்டார்லிங்க் இணையத் துணைக்கோளங்களைத்தான் ஏற்றிச் சென்றது. 2023-இலிருந்து மலேசியாவிலும் கிடைக்கும் அதே ஸ்டார்லிங்க்தான்.

இப்போது ஒரே பூஸ்டர் 30 முறைக்கு மேல் பறந்திருக்கிறது. 2025 மார்ச் மாதம் ஒரு பூஸ்டர் இறங்கி 9 நாளில் மறுபடி பறந்தது. இந்த எண்களைப் பார்த்த பிறகு மூன்றா பத்தா என்ற சண்டைக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

அப்படியென்றால் ஏவும் கட்டணம் பாதியாகக் குறைந்திருக்க வேண்டுமே?

குறையவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஃபால்கன் 9-க்கு அவர்கள் போட்டிருந்த விலை 62 மில்லியன் அமெரிக்க டாலர். 2022-இல் 67 மில்லியன் ஆக்கினார்கள். செலவு குறைந்தது நிறுவனத்துக்கு, வாங்குகிறவருக்கு இல்லை. பக்கத்தில் அதே தரத்தில் இன்னொரு கடை இல்லாதபோது யார் விலையை இறக்குவார்கள்? சின்னத் துணைக்கோளங்களை மொத்தமாக ஒரே ராக்கெட்டில் அனுப்பும் சேவையில் மட்டும் உண்மையாகவே மலிவு வந்திருக்கிறது.

நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் இதை முன்பே செய்யவில்லையா?

செய்தது, 1981 முதல் 2011 வரை, 135 பயணம். பக்கத்தில் இருந்த இரண்டு திட எரிபொருள் பூஸ்டர்களும் பாராசூட்டில் அட்லாண்டிக் கடலில் விழும். கப்பலில் இழுத்து வந்து, பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி எரிபொருள் நிரப்புவார்கள். விமானம் போன்ற கலமும் திரும்பி வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் 24,000-க்கு மேற்பட்ட வெப்பத் தடுப்பு ஓடுகளைச் சோதிக்க வேண்டும், முதன்மை எஞ்சின்களைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஓர் ஆண்டில் அது அதிகமாகப் பறந்ததே 9 முறை, 1985-இல். மறுபயன்பாடு இருந்தது, சவாரி இல்லை.

திரும்பி வந்த பூஸ்டர் ஏன் அவ்வளவு கறுப்பாக இருக்கிறது? கழுவ மாட்டார்களா?

அது புகைக்கரி. எரிபொருள் நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய், கூடவே திரவ ஆக்சிஜன். இறங்கும்போது தன் புகைக்குள்ளேயே வருவதால் உடம்பெல்லாம் கரி. பார்க்க வேண்டிய இடங்களை மட்டும் துடைத்துச் சோதிப்பார்கள். அழகுக்காகச் சாயம் அடிப்பதில்லை. எஞ்சினுக்குள் படியும் கரிதான் தொல்லை. அதனால்தான் புதிய ராக்கெட்டுகள் சுத்தமாக எரியும் மீத்தேனுக்கு மாறுகின்றன.

பழைய பூஸ்டரில் ஆளை ஏற்றுவார்களா?

ஏற்றுகிறார்கள். முதல் முறை 2021 ஏப்ரலில், விண்வெளி நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுபோன குரூ-2 பயணத்தில்.

நம் தோட்டத்து வீட்டுக் கூரையில் ஒன்று விழுந்துவிடாதே?

2022 ஜூலை 31 அதிகாலை கூச்சிங் வானத்தில் நெருப்புத் துண்டுகள் வரிசையாகப் போன காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றியதிலிருந்து இந்தக் கேள்வி நிற்கவில்லை. அது ஃபால்கன் பூஸ்டர் அல்ல. சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் நடு அடுக்கு, 20 டன்னுக்கு மேல் எடை. சரவாக்கிலும் களிமந்தானிலும் துண்டுகள் கிடைத்ததாகச் செய்திகள் வந்தன.

வித்தியாசம் இதுதான். ஃபால்கனின் கீழ் அடுக்கு சுற்றுப்பாதைக்கே போவதில்லை, சில நிமிடத்தில் குறித்த இடத்துக்கு வந்துவிடும். லாங் மார்ச் 5பி-யின் பெரிய அடுக்கு சுற்றுப்பாதை வரை போய், அங்கிருந்து கட்டுப்பாடில்லாமல் தானாக விழும். எங்கே என்று கடைசி மணிநேரம் வரை துல்லியமாகச் சொல்ல முடியாது. பூமியில் கடல்தான் அதிகம் என்பதால் ஆளின் தலையில் விழும் வாய்ப்பு மிகக் குறைவு. அதற்காக அது நல்ல பழக்கம் ஆகிவிடாது.

வேறு யாரெல்லாம் செய்கிறார்கள்? இந்தியா?

ஸ்பேஸ்எக்ஸின் அடுத்த ராக்கெட் ஸ்டார்ஷிப். அதன் பூஸ்டரில் 33 எஞ்சின், கால்களே கிடையாது. 2024 அக்டோபரில் ஏவுகோபுரத்தின் இரண்டு கைகள் அதை அந்தரத்திலேயே பிடித்தன. புளூ ஒரிஜின் நிறுவனம் 2025 நவம்பரில் நியூ கிளென் பூஸ்டரைக் கடலில் மிதவைமேல் இறக்கியது. சீனாவின் ஜுச்சுவே-3 அதே ஆண்டு டிசம்பரில் சுற்றுப்பாதையை எட்டியது, பூஸ்டர் மட்டும் இறங்கும்போது நொறுங்கியது.

இஸ்ரோ இரண்டு வழியில் போகிறது. சிறகு வைத்த புஷ்பக் என்ற கலத்தை ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் விட்டு, ஓடுதளத்தில் தானாக இறங்க வைத்தார்கள், 2023-இலும் 2024-இலும், கர்நாடகத்தின் சித்திரதுர்காவில். இன்னொன்று நம் பேச்சுக்கு நேராக வருவது: மீட்கக்கூடிய முதல் அடுக்கு கொண்ட புதிய ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் இந்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. 2025 ஜனவரியில் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் விகாஸ் எஞ்சினை அணைத்து மறுபடி பற்றவைத்துப் பார்த்தார்கள். பறக்கும்போதே எஞ்சினை மறுபடி மூட்டத் தெரியாமல் எந்தப் பூஸ்டரும் இறங்க முடியாது.

மலேசியாவில் ஏவி, இங்கேயே இறக்க முடியுமா?

இடம் அருமையான இடம். ஏரியன் ராக்கெட்டுகள் கிளம்பும் பிரெஞ்சு கயானாவின் கூரூவும் சுங்கை சிப்புட்டும் ஏறத்தாழ ஒரே அட்சரேகை, வடக்கே 5 பாகை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பூமி சுற்றும் வேகமே மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் இலவசமாகக் கிடைக்கும். நம் வீட்டுக் கூரையில் ஆஸ்ட்ரோ தட்டு பார்த்துக்கொண்டிருக்கும் மியாசாட் துணைக்கோளங்களில் ஒன்றான மியாசாட்-3டி, 2022 ஜூனில் கூரூவிலிருந்துதான் போனது. ஆனால் கூரூவுக்குக் கிழக்கே வெறும் கடல். நமக்குக் கிழக்கே தென் சீனக் கடலைத் தாண்டினால் சரவாக், சபா, பிறகு பிலிப்பைன்ஸ். பூஸ்டரை மிதவையில் இறக்கிவிடலாம். மேல் அடுக்கு ஆட்களின் தலைக்கு மேலேதான் போயாக வேண்டும்.

நேரலையில் இறங்கும் நேரம் பார்த்துப் படம் நின்றுவிடுகிறதே, மறைக்கிறார்களா?

இல்லை. எஞ்சின் அதிர்விலும் புகையிலும் மிதவையின் ஆன்டெனா துணைக்கோளத் தொடர்பை இழந்துவிடும். ஸ்டார்லிங்க் ஆன்டெனா வைத்த பிறகு இந்தத் தொல்லை பெருமளவு குறைந்திருக்கிறது.

நம் நேரத்துக்கு எப்போது பார்ப்பது?

ஃபுளோரிடா நேரத்தோடு 12 மணிநேரம் கூட்டுங்கள், அங்கே குளிர்காலமென்றால் 13. அங்கே இரவு 8 மணிக்கு ஏவுதல் என்றால் நமக்கு மறுநாள் காலை 8 அல்லது 9. பள்ளி நாளாக இருந்தால் பிள்ளைகள் பதிவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பதிவு பார்ப்பவர்கள் நேராக எட்டாவது நிமிடத்துக்குத் தாவாமல், இரண்டரை நிமிடத்திலிருந்து திரையின் ஓரத்தில் ஓடும் வேகத்தையும் உயரத்தையும் கவனியுங்கள். எஞ்சின் எரியாமலே வேகம் சரிகிற இடம் ஒன்று வரும்.